பூ பூத்தும் காய் பிடிக்கலையா? தெளிக்கும் நேரத்தைக் கவனியுங்கள்!

பூசணிக் கொடியில் பூவுக்குக் குறைவிருக்காது. ஆனால், பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருக்கும். சத்துக் குறைவு என்று நினைத்துப் பல விவசாயிகள் இலைவழி உரம் தெளிக்கிறார்கள். அதையும் தேனீ வரும் காலை வேளையில் தெளிக்கிறார்கள். ‘மருந்து இல்லையே, உரம்தானே’ என்ற எண்ணம்தான் காரணம். ஆனால், உரக் கரைசலும் தேனீயைத் தடுமாற வைக்கும்.

சூட்சுமம் நிலைமின்சாரத்தில் இருக்கிறது. தலை வாரிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுகிறதே, அதே மின்சாரம்தான். பறக்கும் தேனீயின் உடலில் பெரும்பாலும் நேர்மின்னூட்டம் சேரும். தண்டு வழியாக மண்ணோடு தொடர்புள்ள பூவில் லேசான எதிர்மின்னூட்டம் இருக்கும். இந்த ஈர்ப்பால் மகரந்தம் தேனீ மீது எளிதாக ஒட்டுகிறது.

பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், பம்பிள் தேனீக்கள் பூவின் மின்புலத்தை உணர்கின்றன என்று 2013-ல் நிரூபித்தார்கள். செயற்கைப் பூக்களில் மின்னூட்டம் இருந்தபோது, சர்க்கரைக் கரைசல் உள்ள பூவைத் தேனீக்கள் அடையாளம் கண்டன. மின்னூட்டத்தை நிறுத்தியதும் கண்டுபிடிக்க முடியவில்லை. உடலிலுள்ள மெல்லிய முடிகளே மின்புலத்தை உணர்கின்றன என்று 2016-ல் தெரியவந்தது.

2022-ல் வெளியான ஆய்வுதான் விவசாயிகளுக்கு முக்கியமானது. உரக் கரைசல் பட்ட பூக்களின் நிறமும் மணமும் மாறவில்லை. மின்புலம் மட்டும் மாறியது. இந்த மாற்றம் 25 நிமிடங்கள் வரை நீடித்தது. அந்தப் பூக்களுக்குத் தேனீக்களின் வரத்தும் குறைந்தது.

25 நிமிடம் பெரிதா என்று தோன்றலாம். பூசணிப் பூ விடியலில் மலர்ந்து, நண்பகலுக்குள் மூடிவிடும். அதற்குள் மகரந்தம் சேராத பெண்பூ காயாகாது.

எப்போது தெளிக்கலாம்?

பூசணி, பாகல்: பூக்கும் பருவத்தில் இலைவழி உரத்தை, வெயில் தணிந்த மாலையில் தெளிக்கலாம்.

சுரை, பீர்க்கு, புடலை: இவை மாலையில் மலர்பவை. முந்தைய நாள் பூ வாடிய பிறகு, வெயில் ஏறுமுன் தெளிக்கலாம்.

சூரியகாந்தி: தேனீ மொய்க்கும் காலை நேரத்தைத் தவிர்த்து, மாலையில் தெளிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 25 நிமிடக் கணக்கு உரத்துக்கு மட்டும்தான். பூச்சிக்கொல்லியின் நஞ்சு நாள்கணக்கில்கூட நிற்கும். பூத்த பயிரில் அதைத் தவிர்ப்பதே நல்லது. தெளிக்கும் நேரத்தை மாற்றப் பைசா செலவில்லை. தேனீ வந்தால்தான் மகசூல்.