கறிக்கோழித் தீவனத்தில் மூலிகைகள்

முட்டையிலிருந்து வெளிவரும்போது ஏறத்தாழ 40 கிராம் எடையுள்ள கறிக்கோழிக் குஞ்சு, ஆறு வாரங்களுக்குள் 2 கிலோவைத் தாண்டிவிடுகிறது. இந்த வேகத்துக்கு ஹார்மோன் ஊசியே காரணம் என்ற நம்பிக்கை மக்களிடையே பரவலாக இருந்தாலும், உண்மையில் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துச் செய்யப்பட்ட இனவிருத்தியும் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த செறிவான தீவனமுமே அதற்குக் காரணம். கவலைக்குரிய பொருள் ஹார்மோன் அன்று. நோயில்லாத கோழிக்கும் வளர்ச்சிக்காகவே நாள்தோறும் தீவனத்தில் சிறிதளவு கலந்து கொடுக்கப்பட்டுவந்த ஆன்டிபயாட்டிக், அதாவது நுண்ணுயிர்க்கொல்லி மருந்து.

அத்தகைய மருந்து குஞ்சுகளின் எடையைக் கூட்டுகிறது என்பது 1940களின் இறுதியில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே உலகெங்கும் வழக்கமாயிற்று. ஆனால் குறைந்த அளவு மருந்தை இடைவிடாமல் எதிர்கொள்ளும் பாக்டீரியாக்களில், மருந்துக்கு அடங்காதவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. அவை இறைச்சி, எச்சம், தண்ணீர் ஆகியவற்றின் வழியே மனிதரை அடையும்போது, மருத்துவமனையில் உயிர்காக்க வேண்டிய மருந்து பயனற்றுப் போகிறது. இதனாலேயே ஸ்வீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாக 2006இலும் வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைத் தடைசெய்தன. இந்தியாவில், வேறு எந்த மருந்தும் பலிக்காதபோது மனிதருக்குக் கொடுக்கப்படும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குப் பயன்படுத்துவது 2019இல் தடைசெய்யப்பட்டது.

தடை வந்த நாடுகளில் கோழிகளின் குடல்நோய்கள் தலைதூக்கின. குடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சுவதற்காக விரல்போல் நீண்டிருக்கும் நுண்ணிய உறிஞ்சிகள் சிதைந்தால், தின்ற தீவனம் தசையாக மாறாமல் எச்சமாகவே வெளியேறும். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா என்னும் ஒட்டுண்ணி முதலில் அந்தச் சுவரைப் புண்ணாக்க, அப்புண்ணில் கிளாஸ்ட்ரிடியம் என்னும் பாக்டீரியா பெருகிக் குடலை அழுகச் செய்கிறது. இந்த இடத்தில்தான் தாவரவழித் தீவனச் சேர்க்கைகள், அதாவது இலை, வேர், விதை ஆகியவற்றின் தூளாகவோ சாறாகவோ எண்ணெயாகவோ தீவனத்தில் கலக்கப்படும் பொருள்கள், கவனம் பெற்றன.

அவற்றுள் பல தமிழர் அடுக்களையில் அன்றாடம் புழங்குபவை. ஓமத்தின் காரமான மணத்துக்குக் காரணமான தைமால், கொழுப்பில் எளிதாகக் கரையும் தன்மையால் பாக்டீரியாவின் மேலுறைக்குள் புகுந்து அதைக் குலைக்கிறது. உறை ஓட்டையானால் உள்ளிருப்பவை கசிந்து பாக்டீரியா இறக்கிறது. பூண்டின் ஆற்றலுக்குரிய அல்லிசின், முழுப் பூண்டில் இருப்பதே இல்லை. பல்லை நசுக்கும்போது தனித்தனி அறைகளில் இருந்த ஒரு நொதியும் ஒரு கந்தகச் சேர்மமும் கலந்து அக்கணமே அது உருவாகிறது. ஆகவே, பூண்டை நசுக்குமுன் சூடாக்கினால் நொதி அழிந்து பயன் பெரிதும் குறைந்துவிடும். மஞ்சளின் குர்குமின் அழற்சியைத் தணிக்கிறது. ஆயினும் அது குடலிலிருந்து ரத்தத்துக்கு மிகக் குறைவாகவே செல்லும் என்பதால், உறிஞ்சுதலைக் கூட்டும் பைப்பரின் உள்ள மிளகையும் உடன் சேர்ப்பது பொருத்தமானதே.

கல்லீரலைக் காப்பதில் கீழாநெல்லிக்குத் தனியிடம் உண்டு. ஈரம் உலராத மக்காச்சோளத்தில் வளரும் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. அது கோழியின் கல்லீரலைத் தாக்கி, எதிர்ப்பாற்றலையும் எடையையும் சேர்த்துக் குறைக்கிறது. கீழாநெல்லியும் மஞ்சளும் இப்பாதிப்பை ஓரளவு தணிப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் பூஞ்சை பிடித்த தானியத்தை ஒதுக்கிவிடுவதற்கு அவை மாற்று அல்ல. கோடையில் நிலைமை வேறு. வியர்வைச் சுரப்பிகள் இல்லாத கோழி, வாய்பிளந்து மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தன் தேவைக்கான வைட்டமின் சி-யைத் தானே உருவாக்கும் ஆற்றல் அதற்கு இருந்தும், கடும் வெப்பத்தில் அது போதுவதில்லை என்பதால் அப்போது நெல்லிக்காய்த் தூள் துணைபுரிகிறது.

இவ்வளவு இருந்தும் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் அமைவதில்லை. மஞ்சளில் குர்குமினின் அளவு ரகத்துக்கு ரகம், நிலத்துக்கு நிலம் மாறுகிறது; எண்ணெய்களின் மணம், தீவனத்தை நீராவியில் வேகவைத்துக் குச்சித் தீவனமாக அழுத்தும்போதே பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது; இதைத் தடுக்கவே எண்ணெய்த் துளிகளுக்குக் கொழுப்பினாலோ மாவுப்பொருளாலோ உறையிடும் முறை வந்தது. தூய்மையான ஆய்வுக்கூடக் கொட்டகையில் நோயே இல்லாத கோழிகளுக்கு மூலிகை கொடுத்தால் வேறுபாடு தெரிவது அரிது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இயற்கைப் பொருள் என்பதனாலேயே எவ்வளவு கொடுத்தாலும் தீங்கில்லை என்று கருதுவது பெரும் பிழை. வேப்பிலை மிகுந்தால் கசப்பினால் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். துவர்ப்புள்ள டானின் மிகுந்தால் புரதம் செரிக்காது. நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலக்கப்பட்ட மஞ்சள்தூள், ஈய நஞ்சை நேராகத் தீவனத்துக்குள் கொண்டுவந்துவிடும்.

கொங்குநாட்டில் பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் கறிக்கோழி வளர்ப்பு பெரும்பாலும் ஒப்பந்த முறையில் நடக்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் நிறுவனமே கொடுக்க, கொட்டகையும் உழைப்பும் தரும் பண்ணையாளர் வளர்ப்புக் கூலி பெறுகிறார். ஆகவே தீவனத்தில் என்ன கலக்கிறது என்பதை முடிவுசெய்வது அவர் அல்லர். பொறுப்பு தீவன ஆலையிடமே இருக்கிறது. பாக்கெட்டின் மேல் மூலிகைப் பெயர்களை வரிசையாக அச்சிடுவது போதாது. குர்குமின் எவ்வளவு, தைமால் எவ்வளவு என்று செயல்படும் வேதிப்பொருளின் அளவையும் அச்சிட வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

எந்த மூலிகையும் வெள்ளைக்கழிச்சலுக்கும் கம்போரோ நோய்க்குமான தடுப்பூசிகளின் இடத்தையோ கொட்டகைப் பராமரிப்பின் இடத்தையோ நிரப்பாது. தென்னைநார்க் கழிவு பரப்பிய ஆழ்கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரித்தால் அது உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி, அங்கே அம்மோனியா எழுந்து கண்ணையும் நுரையீரலையும் தாக்கும், ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியின் முட்டைகளும் முதிரும். அத்தகைய கொட்டகையில் ஓமமும் பூண்டும் கொட்டிப் பயனில்லை. சொந்தமாகத் தீவனம் கலக்கும் பண்ணையாளர்கள், கொட்டகையை இரண்டாகத் தடுத்து ஒரு பாதிக்கு மட்டும் மூலிகை கொடுத்து, இரு பாதியிலும் செலவான தீவனத்தையும் வாரந்தோறும் கோழியின் எடையையும் குறித்துவைத்து, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டிய பின்னரே மொத்தக் கொள்முதலைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.