பல்லைக் கடிக்கும் பழக்கம்

தறிக்குழியில் அமர்ந்து அறுந்த பாவு நூலைப் பிணைக்கும் நேரத்தில் நம் வாய் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அங்கத்தினர் எவரேனும் கவனித்ததுண்டா? கண்ணும் விரலும் நூலில் இருக்க, தாடை மட்டும் தன் போக்கில் இறுகி, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் அழுந்தி நிற்கும். சென்னிமலையிலும் பவானியிலும் கைத்தறியில் இருப்போருக்கும், சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் இரைச்சலுக்கு நடுவே இரவு வேலை பார்ப்போருக்கும், மும்முனை மின்சாரத்துக்காகக் கிணற்று மேட்டில் விழித்திருக்கும் குடியானவருக்கும் இது பொதுவான விஷயம். "பல்லைக் கடித்துக்கொண்டு காலந்தள்ளினோம்" என்று நாம் சொல்வது வெறும் பேச்சு வழக்கு அன்று.

பற்கள் இதற்காக ஏற்பட்டவை அல்ல. உதடுகள் மூடியிருந்தாலும், ஓய்வு நேரத்தில் இரு வரிசைகளுக்கும் இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயல்பு. பல்லின் மேற்பூச்சாகிய எனாமல், எலும்பினும் கடினமானது. ஆயினும் முறிந்த எலும்பு கூடும்; தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. பிறகு குளிர்ந்த நீர் பட்டாலும் பல் கூசும். விடியற்காலையில் தாடையும் நெற்றிப்பொட்டும் வலிக்கும். சிலருக்குப் பல்லே பிளந்துபோவதுண்டு.

விழித்திருக்கையில் கடிப்பது வேறு, உறக்கத்தில் நறநறப்பது வேறு. முன்னதைப் பெரும்பாலும் நம் முயற்சியாலேயே விடலாம். 'ன்' என்ற எழுத்தைச் சொல்லிப் பாருங்கள். நாநுனி மேல் முன்பற்களுக்குப் பின்னுள்ள மேட்டைத் தொடும். நாவை அங்கேயே வைத்து, உதட்டை மூடி, பற்களைத் தளர விடவேண்டும். தாடைக்கு அதுவே ஓய்வு நிலை. ஆனால் வேலை மும்முரத்தில் இது நினைவில் நிற்பதில்லை. ஆகவே நெசவாளர் நாடாவில் தார் மாற்றும்போதெல்லாம், குடியானவர் மடை மாற்றும்போதெல்லாம் ஒருமுறை தாடையைத் தளர்த்திக்கொள்வது என்று வைத்துக்கொள்ளலாம். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் வழக்கத்தையும் விடுவது நன்று. முன்பல்லில் அது பள்ளம் விழச் செய்யும்.

உறக்கத்தில் கடிப்பவருக்கு அது தெரியாது. அருகில் படுத்திருப்பவரைக் கேட்டே அறியவேண்டும். உறக்கம் ஆழமின்றிக் கலையும் தருணங்களில் தாடைத் தசைகள் தாமே இயங்குவதால் நேர்வது இது. எனவே உறக்கத்தைக் கெடுப்பவை எல்லாம் இதற்கும் துணை நிற்கும். காப்பியில் உள்ள காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கச் சுமார் 5 மணி நேரம் ஆகிறது. மாலை 7 மணிக்குக் குடித்தால் நள்ளிரவிலும் பாதி உள்ளேயே இருக்கும். இரவு வேலைக்காரர் தேநீரை வேலையின் முற்பாதியோடு நிறுத்திக்கொள்வது நலம். பீடியும் மதுவும் கடிப்பை மிகுவிக்கின்றன. மது உறக்கம் தரும் என்பர். தரும், பின்னிரவில் கலைத்தும் விடும். பாக்கு மெல்லுவதோ தனியே பல்லைத் தேய்க்கிறது.

கவலையும் ஒரு காரணமே. நூல் விலை ஏறிய மாதத்தில் 'கவலைப்படாதீர்' என்று எழுதுவது எளிது, நாம் எழுதப்போவதில்லை. கடன் கணக்கையும் கூலிக் கணக்கையும் இரவு உணவுக்கு முன்பே பார்த்து முடித்து, பாயில் படுத்துக்கொண்டு பார்க்காதிருந்தால் போதும். படுக்குமுன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சற்று நேரம் கன்னத்தில் ஒற்றினால் தசை இளகும். இவற்றால் உறக்கத்துக் கடிப்பு அடியோடு நிற்கும் என்று உறுதி கூற இயலாது, குறையக்கூடும்.

குழந்தைகள் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்பது நம் பக்கத்து அபிப்பிராயம். அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரை போதும். பல் கடிக்கிறதென்று அடிக்கடி பேதி மருந்து கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரத் தானே நின்றுவிடும்.

உரத்த குறட்டையும் நடுவே மூச்சு நின்று திணறுவதும் சேர்ந்திருந்தால், முதலில் வைத்தியரிடம் காட்டவேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளாலும் பல் கடிப்பு வருவதுண்டு. மருந்தைத் தாமாக நிறுத்தாமல், கொடுத்த வைத்தியரிடமே சொல்லவேண்டும்.

பல் தேய்வது தொடர்ந்தால், பல் வைத்தியர் வாயை அளவெடுத்து இரவில் அணியும் உறை ஒன்று செய்து தருவார். அது கடிப்பை நிறுத்தாது. பல்லுக்குப் பதிலாகத் தான் தேயும். காலையில் அதைக் குளிர்ந்த நீரில் கழுவி வைக்கவேண்டும். வெந்நீரில் இட்டால் வடிவம் கெட்டு, மறுநாள் வாயில் பொருந்தாது.