கண்ணாடி அலுமாரியின் பின்பலகை: தீவகத்து மரங்களும் நிற வேறுபாடும்

இல்லத்தின் முன்னறையிலே நிறுத்தப்படும் கண்ணாடி அலுமாரி வெறுந் தளபாடம் அன்று. அவ்வில்லத்தார் எவற்றைப் பேணத்தக்கவையெனக் கருதுகின்றனர் என்பதை வருவோர்க்கு உணர்த்தும் சிறியதொரு காட்சிச்சாலை அது. யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே அதனுள் இடம்பெறுபவை பெரும்பாலும் சங்கு, சிப்பி, பித்தளைக் குத்துவிளக்கு, வெள்ளிச் செம்பு, பனையோலைப் பெட்டி என்பனவாகும். 1990ஆம் ஆண்டில் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, பல்லாண்டுகளின் பின் மீண்ட குடும்பங்கள் பலவற்றிற்கு முன்னோர் விட்டுச்சென்றவற்றுள் எஞ்சியவை இத்தகைய சில பொருள்களே. ஆகவே அவற்றைத் தாங்கும் பெட்டகம் அவற்றை விளங்கக் காட்டவும் வேண்டும். கெடாது காக்கவும் வேண்டும். இவ்விரு பணிகளிலும் பெரும்பங்கு கொள்வது, பார்ப்பவர் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத பின்பலகையே.

அலுமாரியின் சட்டத்தை ஒரு மரத்தினாலும் பின்பலகையை வேறு நிற மரத்தினாலும் அமைக்கும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதிதன்று. அலுமாரி, கதிரை, மேசை ஆகிய சொற்கள் போர்த்துக்கேயர் வழியே நம் பேச்சில் நுழைந்தன. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறை லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு அவர்கள் இட்ட டெல்ப்ட் என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. அவர்கள் காலத்து இலங்கைத் தளபாடங்களிலே பொன்னிற முதிரையையும் கரிய கருங்காலியையும் அருகருகே வைத்து இழைத்தவை பல. கொழும்புப் புறக்கோட்டையில் 1982இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் கால நூதனசாலையிலே அக்காலத் தளபாடங்களைக் காணலாம்.

இனி, தீவகத்திற் கிடைக்கும் மரங்களை நோக்குவோம். சுண்ணக்கற் பாறையின் மேல் மெல்லிய மண் படிந்த இத்தீவுகளிலே பெருமரங்கள் அரிது. எங்கும் ஓங்கி நிற்பது பனையே. தொல்காப்பிய மரபியல், உள்ளே வைரமுடையவற்றை மரம் என்றும் புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும் பகுத்துள்ளது. பனை இவற்றுட் பின்னைய வகையினது. இலக்கண நூலார் கண்ட இவ்வேறுபாடு தச்சருக்கும் பயன்படுவதொன்றாகும். பனையின் வலிமை அதன் வெளிவட்டத்திலேயே உள்ளது. நடுப்பகுதி சோறு போன்றது. ஆதலினாற் பனையிலிருந்து நீண்ட சிலாகைகள் கிடைக்குமேயன்றி அகன்ற பலகைகள் கிடையா. மேலும் வெளிறிய தளத்திலே கருநார்கள் நெருங்கி ஓடுவதால் அதன் முகம் கோடுகள் நிறைந்தது. அத்தகைய பின்னணியில் வைக்கப்படும் சிறு பொருள் கண்ணுக்குப் பிடிபடாது மறையும். எனவே பனை சட்டத்துக்கும் தட்டுகளின் முன்விளிம்புக்கும் உகந்தது, பின்பலகைக்கு உகந்ததன்று.

வளவுகளில் வளரும் வேம்பு செம்மை தோய்ந்த கபில நிறத்தது, பூச்சிகளை எதிர்ப்பது. உவர்க்காற்றுக்கு அஞ்சாத பூவரசின் வைரம் கருஞ்சிவப்புச் சாயலுடையது. முதிரையும் கருங்காலியும் வன்னிப் பெருங்காட்டு மரங்கள். பலா, தேக்கு, மகோகனி ஆகியனவும் தீவுக்கு வெளியிலிருந்தே வரவேண்டும். நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ கொண்டுசெல்லப்படும் ஒவ்வொரு பலகையும் குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறவேண்டியிருத்தலின், தெரிவில் நேரும் பிழை செலவு மிக்கதாகும்.

எந்த மரத்தைத் தெரிதல் வேண்டும்? பலர் முதலிற் சட்டத்தின் நிறத்தைப் பார்த்து அதற்கு மாறான நிறத்தைத் தேடுவர். அதனினும் முன்னர் நோக்கவேண்டியது உள்ளே வைக்கப்படும் பொருளின் நிறமாகும். பிரான்சு நாட்டு வேதியியலறிஞர் செவ்ரோல் 1839இல் வெளியிட்ட நூலிலே, அருகருகே உள்ள இரு நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் என்பதை விரிவாக விளக்கினார். வெண்மையின் அருகே கருமை மேலும் கருமையாகத் தோன்றும். கருமையின் அருகே வெண்மை மேலும் ஒளிரும். இவ்விதிப்படி வெண்சங்குக்கும் சிப்பிக்கும் பூவரசு அல்லது வேம்பு நல்ல பின்னணியாகும். பித்தளை விளக்கைப் புதுப் பலாப்பலகையின் முன் வைத்தால் மஞ்சளோடு மஞ்சள் கலந்து விளக்கின் வடிவம் மங்கிவிடும். அதற்கும் கருஞ்சாயற் பலகையே வேண்டும். நிறம் முதிர்ந்த ஓலைப்பெட்டி, கருங்காலிச் சிற்பம் ஆகியவற்றுக்கோ பலாவும் முதிரையும் பொருந்தும். பலவகைப் பொருள்கள் கலந்திருக்குமாயின், இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நிறமே நன்று.

மற்றொன்றையும் மனங்கொள்ளல் வேண்டும். ஓரடி ஆழமுள்ள அலுமாரியிலே பின்பலகையே ஒளி மிகக் குறைவாகப் படும் இடமாகும். பட்டறை முற்றத்து வெயிலில் இளங்கபிலமாகத் தோன்றும் பலகை, தட்டுகளின் நிழலில் ஏறக்குறையக் கருநிறமாகிவிடும். ஆதலின் விரும்பிய நிறத்தினும் ஒருபடி வெளிறிய மரத்தைத் தெரிதல் முறை. மாதிரித் துண்டுகளை அலுமாரி நிற்கவிருக்கும் மூலையிலேயே, மாலை வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

நிறம் காலத்தால் மாறுவது. அறுத்தவுடன் பொன்மஞ்சளாக விளங்கும் பலா ஆண்டுகள் செல்லச் செல்லக் கபில நிறமடைகின்றது. வெளிறிய மரங்கள் பொதுவாக மஞ்சளேறிக் கருக, கரிய மரங்களுட் பல ஒளிபட்டு வெளிறுகின்றன. ஆகவே முதனாளிற் கண்ட வேறுபாடு நாளடைவிற் சுருங்குவதே இயல்பு. இதனை முன்னரே அறிய எளிய வழியொன்றுண்டு. மாதிரித் துண்டின் பாதியை மூடி மறுபாதியைச் சில வாரங்கள் வெயிலிற் காயவிட்டால், பலகை செல்லும் திசை தெரியவரும். பூசும் எண்ணெயும் நிறத்தை மாற்றுமாதலால், மாதிரியிலும் அதே பூச்சையே பூசுதல் வேண்டும். இடிந்த வீட்டுக் கதவிலிருந்து பெற்ற பழம்பலகைக்கு இங்கே தனிச்சிறப்புண்டு. அதன் நிறம் ஏற்கனவே முதிர்ந்துவிட்டது. ஆனால் அம்முதிர்ச்சி மேற்பரப்பிலேயே தங்கியிருத்தலின், ஆழமாகச் சீவினால் அது போய்விடும்.

அழகுக்கு அடுத்தது உறுதி. மரம் ஈரத்தை உண்டு பருக்கும்; வறட்சியில் ஒடுங்கும். நீளத்தில் இம்மாற்றம் மிகச் சிறிது; அகலத்திலேயே அது வெளிப்படும். வளையங்களின் போக்கிலே நிகழும் ஒடுக்கம், நடுவிலிருந்து புறநோக்கி நிகழும் ஒடுக்கத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்காகும். மூன்றடி அகலமான பின்பலகை நூற்றுக்கு ஒரு பங்கு மாறினும், அது அங்குலத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படும். வாடைக்காற்றோடு மாரி பெய்யும் ஐப்பசி, கார்த்திகையிலும், சோளகம் வீசும் வறண்ட மாதங்களிலும் ஒரே பலகை இரு அளவினதாக இருக்கும். அதனைச் சட்டத்தோடு பசையிட்டு இறுக்கினால், பலகை பிளக்கும் அல்லது சட்டம் விலகும். ஆதலால் ஒடுங்கிய பலகைகளைத் தனித்தனியே காடியிற் செருகி, அசைவுக்கு இடம் விட்டு அமைப்பதே பழந்தச்சர் கைக்கொண்ட நெறி. வேறுபட்ட இரு மரங்கள் வேறுபட்ட அளவில் அசையுமாதலின், இருநிற அலுமாரிக்கு இந்நெறி இன்றியமையாதது. பலகையைக் காடியிற் செருகுமுன் அதன் ஓரங்களுக்கும் நிறப்பூச்சுப் பூசவேண்டும். அன்றேல் ஒடுங்குங் காலத்தில் வெளிறிய கோடு வெளித்தோன்றும். கடற்காற்றில் இரும்பாணி துருவேறி மரத்தையும் கறைப்படுத்துமாதலின், பித்தளைத் திருகாணியே ஏற்றது.

தீவகத்தார் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய இடர் இன்னொன்றுண்டு. மரங்கள் பலவற்றிலிருந்து அசற்றிக்கமிலம் போன்ற ஆவிகள் மெல்ல வெளிப்படுகின்றன. மூடிய பெட்டியிலே அவ்வாவி தேங்கி ஈரத்தோடு கூடி, சங்கு சிப்பிகளின் சுண்ணத்தைத் தாக்கி வெண்பொடி பூக்கச் செய்யும். 1899இல் இக்கேட்டை விவரித்த பைன் என்பாரின் பெயரால் அது பைன் நோய் எனப்படுகின்றது. இஃது உண்மையில் நோயன்று, இரசாயனத் தாக்கம். ஓக்கு மரம் இதில் மிகக் கொடியது. புதிதாக அறுத்த பலகையும், பசையால் ஒட்டிய பலகை வகைகளும் ஐயத்துக்குரியன. நன்கு உலர்ந்த மரத்தைக் கொள்ளுதல், பூச்சுக் காய்ந்தபின் பல வாரம் திறந்துவைத்தல், பின்பலகையின் மேலும் கீழும் காற்றுப் புக வழி விடுதல் ஆகியன காப்பாகும். தலைமுறை கடந்து வந்த சங்கு ஒன்று, அதனைப் போற்ற அமைத்த பெட்டியினாலேயே அழிதல் தகாது.

இறுதியாக, சட்டமும் நோக்கற்குரியது. பலாவை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். காட்டு மரங்களாகிய முதிரையையும் கருங்காலியையும் முறையான உரிமத்துடன் விற்போரிடமே பெறவேண்டும். அரிய அம்மரங்களை அகன்ற பின்பலகையிற் செலவிடாது, மெல்லிய விளிம்புகளுக்கு மட்டும் பயன்படுத்துதல் சிக்கனமும் அழகுமாகும்.

தொகுத்து நோக்கின், வளவு வேம்பும் கரையோரப் பூவரசும் பழங்கதவுப் பலகையும் தீவகத்து அலுமாரிக்குப் போதிய பின்னணியைத் தரவல்லன. பின்பலகை தன்னைக் காட்டிக்கொள்வதற்காக அமைவதன்று. பார்ப்பவர் அதனை மறந்து முன்னிற்கும் சங்கையும் விளக்கையும் மட்டுமே காண்பாராயின், அம்மரத் தெரிவு சரியானதே.