ஓடிப்போன தம்பியின் கடனை அக்கா கட்ட வேண்டுமா? சட்டம் சொல்வது என்ன?

சென்னை,

காலை 7 மணி. மயிலாப்பூரில் ஒரு ஒண்டுக் குடித்தன வீடு. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் வாசலில் 2 பேர்.

"இன்னாம்மா, உன் தம்பி எங்க?"

"அவன் வீட்டை விட்டுப் போயி 3 மாசம் ஆச்சுங்க. எங்க இருக்கான்னே தெரியாது."

"அந்தக் கதையெல்லாம் வேணாம். அட்ரஸ் இதுதான். நீ கட்டு."

மாடியில் இருப்பவர் எட்டிப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிறது. அக்காவுக்கு மானம் போகிறது. தி.நகர் ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று சம்பாதித்த காசு பீரோவில் இருக்கிறது. "சரி, இந்த மாசத்துக்கு நான் தர்றேன்" என்று வாய் வரை வருகிறது.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். தம்பி இடத்தில் சில வீட்டில் புருஷன், சில வீட்டில் மச்சான், சில வீட்டில் மருமகன். அந்த அக்கா பணத்தை எடுத்துக் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? பார்ப்போம்.

கையெழுத்து யாருடையது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். கடன் பேப்பரில் யார் கையெழுத்து இருக்கிறதோ, அவர்தான் பொறுப்பு. ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே ரேஷன் கார்டு, ஆதாரில் அதே விலாசம் என்பதற்காக ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் விழாது. அண்ணன், தம்பி, அக்கா, மாமியார் யாருக்கும் இதே கதைதான்.

அப்பா கடனை மகன் அடைத்தே தீர வேண்டும் என்று இந்து சட்டத்தில் பழைய முறை ஒன்று இருந்தது. அதுவும் மாறிவிட்டது. 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு வாங்கிய கடன் என்றால், மகன் என்ற ஒரே காரணத்துக்காக அவர் மீது கோர்ட்டு நடவடிக்கை எடுக்க முடியாது. கடன் வாங்கியவர் இறந்துபோனால், அவர் விட்டுப்போன சொத்து வாரிசு கைக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் வாரிசு பதில் சொல்ல வேண்டும். சொத்தே இல்லை என்றால் வாரிசின் சம்பளத்தில் கை வைக்க முடியாது.

ஜாமீன் போட்டிருந்தால் தப்ப முடியாது

"சும்மா ஒரு கையெழுத்துக்கா, பார்மாலிட்டி" என்று தம்பி சொன்னதை நம்பி அக்கா ஜாமீன் போட்டிருந்தால் கதை வேறு. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. "முதலில் அவனைப் பிடியுங்கள், கிடைக்கலேன்னா என்கிட்ட வாங்க" என்று சொல்ல முடியாது. கட்டிவிட்டு, அந்தப் பணத்தைத் தம்பியிடம் வசூலிக்க வழக்கு போடலாம். அதற்காகக் கட்டிய ரசீது எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும்.

மகளிர் குழுக் கடனும் இப்படித்தான். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுவோம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் பொறுப்பு உண்டு.

செக் விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. தம்பி கடனுக்காக அக்கா தன் செக்கைக் கொடுத்து, அது பணம் இல்லாமல் திரும்பினால் அக்கா மேல்தான் வழக்கு வரும். 2 வருடம் வரை ஜெயில் அல்லது செக் தொகையில் 2 மடங்கு வரை அபராதம், சில சமயம் இரண்டும். ஆனால் செக்கில் கையெழுத்துப் போட்டது புருஷன் மட்டும் என்றால், மனைவி மீது செக் மோசடி வழக்கு நிற்காது. கையெழுத்துப் போடாதவர் மீது இந்த வழக்கு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் மாதம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வாசலில் வந்து கத்தலாமா?

பேங்க், நிதி நிறுவன ஆட்களுக்கு ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டிருக்கிறது. 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி, கடன் வாங்கியவருக்கு காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூல் போன் போடக்கூடாது. நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்தக்கூடாது. குடும்பத்தார், சிநேகிதர்களைத் தொல்லை செய்யக்கூடாது. குழுக் கடன் கொடுக்கும் மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகளுக்கு நேரம் இன்னும் குறைவு. காலை 9-ல் இருந்து மாலை 6 வரைதான்.

மீறினால் முதலில் அந்த பேங்குக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். பைசா செலவில்லை. விவரம் கேட்க 14448.

செல்போன் லோன் ஆப் என்றால், போனில் இருக்கும் நம்பர்களை எல்லாம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு மெசேஜ் அனுப்பி மானத்தை வாங்குவார்கள். போனில் உள்ள நம்பர், போட்டோவைத் தொடவே கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி. மெசேஜை அழிக்காமல் சைபர் கிரைம் போலீசில் கொடுங்கள்.

தண்டல், மீட்டர் வட்டி

பெரும்பாலும் வாசலில் நிற்பது பேங்க் ஆள் அல்ல, தண்டல்காரர். 10 ஆயிரம் கடன் என்று பேர். 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஈடு இல்லாத கடனுக்கு அரசு அனுமதிக்கும் வட்டி வருடத்துக்கு 12 சதவீதம். அந்தக் கணக்கில் 8,500 ரூபாய்க்கு 100 நாள் வட்டி சுமார் 280 ரூபாய்தான். தினமும் அசல் குறைவதால் அதுகூட வராது. மீதி எல்லாம் கந்துவட்டி.

2003 மே மாதம் சென்னையில் பிரபல பட அதிபர் ஜி.வெங்கடேஸ்வரன் தற்கொலை செய்துகொண்டார். கடன் நெருக்கடியே காரணம் என்று பரபரப்பாகப் பேசப்பட்டது. அதே வருடம் தமிழக அரசு கந்துவட்டி தடைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லியே தடை செய்யப்பட்டிருக்கிறது. 3 வருடம் வரை ஜெயில், 30 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கியவரோ அவர் குடும்பத்தில் ஒருவரோ தற்கொலை செய்து, அதற்குச் சற்று முன் தொல்லை நடந்தது நிரூபணம் ஆனால், கடன் கொடுத்தவர் தற்கொலைக்குத் தூண்டியவராகவே கருதப்படுவார்.

2025-ல் இன்னொரு சட்டம் வந்தது. கடன் வசூலுக்காகக் கடன் வாங்கியவரை மட்டுமல்ல, அவர் குடும்பத்தாரை மிரட்டுவது, பின்னாலேயே சுற்றுவது, பொருளைப் பறிப்பது எல்லாமே குற்றம். 3 வருடம் வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம். புகாரை உள்ளூர் போலீஸ் நிலையத்திலேயே கொடுக்கலாம்.

டி.வி.யைத் தூக்க வந்தால்?

கோர்ட்டு உத்தரவு இல்லாமல் வீட்டுக்குள் வந்து டி.வி., பிரிட்ஜைத் தூக்கிப்போக எந்தக் கடன்காரருக்கும் உரிமை இல்லை. உடனே 100-க்குப் போன் போடுங்கள்.

கோர்ட்டு அமீனா உத்தரவோடு வந்தால் தகராறு வேண்டாம். தம்பி இந்த வீட்டில் இல்லை, இந்தப் பொருள் என்னுடையது என்று எழுத்தில் சொல்லுங்கள். பில்லைக் காட்டுங்கள். மீறி ஜப்தி செய்தால் அதே கோர்ட்டில் மனு போட்டுப் பொருளைத் திரும்பக் கேட்கலாம். கடன் வாங்கியவர் வீடே ஆனாலும் உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, தொழில் செய்யும் கருவி, கழுத்தில் கிடக்கும் தாலி இவற்றில் கை வைக்கக்கூடாது என்கிறது சட்டம்.

ஒன்று மட்டும் கவனம். கரண்டு பில், சொத்து வரி, குடிநீர் வரி பாக்கி ஆளோடு போகாது, வீட்டோடு நிற்கும். தம்பி பேரில் இருந்தாலும் கட்டாவிட்டால் இருட்டில் உட்காருவது அக்காதான். இதை முதலில் பைசல் செய்துவிடுங்கள்.

உடனே செய்ய வேண்டியது

* தம்பி இந்தத் தேதியில் இருந்து இங்கே இல்லை, நான் ஜாமீன் போடவில்லை என்று கடன் கொடுத்த இடத்துக்கு எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். நகலும் ரசீதும் வீட்டில் இருக்கட்டும்.

* யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன பேசினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மிரட்டினால் போனில் பதிவு செய்யுங்கள்.

* புது புரோநோட்டு, வெற்றுப் பேப்பர், வெற்று செக் எதிலும் கையெழுத்து வேண்டாம். இன்று வரை தம்பி கடன், அந்தக் கையெழுத்துக்குப் பிறகு உங்கள் கடன்.

* மனசு கேட்காமல் உதவ நினைத்தால் கடன் கொடுத்தவரிடமே கட்டி, தம்பி பேரில் ரசீது வாங்குங்கள். முழுசாக முடிந்தால் பழைய புரோநோட்டைத் திருப்பி வாங்காமல் நகராதீர்கள்.

* வக்கீல் வைக்க வசதி இல்லையா? இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

கடன் தொல்லையில் மனசு உடைந்தால் 104-க்குப் பேசுங்கள். சென்னையில் சினேகா அமைப்பின் எண் 044-24640050.

மறுபடி அந்த மயிலாப்பூர் வாசலுக்கு வருவோம். 2 பேரும் நிற்கிறார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தே இருக்கிறது. அக்கா பீரோ பக்கம் போக வேண்டாம். ஒரே கேள்வி கேட்டால் போதும்.

"என் கையெழுத்து இருக்கிற பேப்பரைக் காட்டுங்க."