ஆண் நோயாளிகளுக்கான அந்தரங்கப் பராமரிப்பு

அந்தரங்கப் பராமரிப்பு என்பது, தாமாகச் செய்துகொள்ள இயலாத நோயாளிக்கு அவரது மறைவிடங்களைப் பார்த்தும் தொட்டும் செய்ய வேண்டிய செவிலியப் பணிகளைக் குறிக்கும். படுக்கையிலேயே உடலைத் துடைத்து விடுதல், மலசலம் கழிக்க உதவுதல், எனிமா கொடுத்தல், சிறுநீர் வடிகுழாய் பொருத்துதல் முதலியன இதில் அடங்கும். செவிலியருள் பெரும்பான்மையோர் பெண்கள். எனவே நோயாளி ஆணாக இருக்கையில் இரு தரப்பிலும் கூச்சம் எழுவது இயல்பு. அக்கூச்சத்தால் பராமரிப்பு தள்ளிப்போகுமானால் அது மருத்துவச் சிக்கலாக மாறுகிறது.

வரலாறு

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871 ஆம் ஆண்டு செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909 இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946 இல் அங்கு பட்டப்படிப்பு அறிமுகமானது. அந்நிய ஆடவரைத் தொடுதல், கழிவுகளைக் கையாளுதல், இரவுப்பணி ஆகியவற்றைக் காரணம் காட்டிப் பல குடும்பங்கள் தொடக்கத்தில் பெண்களை இப்பணிக்கு அனுப்பத் தயங்கின. ஆங்கிலேயர் கால மருத்துவமனைகளில் பதவிப்பெயராக இருந்த 'சிஸ்டர்' என்பது தமிழ்நாட்டில் செவிலியரை அழைக்கும் பொதுச்சொல்லாயிற்று. அது உறவுமுறைச் சொல்லாகவும் அமைந்து கூச்சத்தைச் சற்றுக் குறைக்கிறது.

தமிழ்நாட்டில் நடைமுறை

விருதுநகர் மாவட்டத்தில் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய நகரங்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. நூற்பாலைகளும் வேளாண்மையும் பட்டாசுத் தொழிலும் நிறைந்த மாவட்டம் இது. பட்டாசு விபத்தில் பரவலான தீக்காயம் அடைந்தவருக்குக் கட்டு மாற்ற, ஆடையை முற்றிலும் நீக்க வேண்டியிருக்கும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர் பெற்றது.

தமிழக மருத்துவமனைகளில் ஆண் நோயாளியைத் துடைத்து விடும் வேலை பெரும்பாலும் 'அட்டெண்டர்' எனப்படும் உடனிருப்பவர் மீது, அதாவது மனைவி அல்லது தாய் மீது விழுகிறது. வடிகுழாயை மருத்துவரோ ஆண் பணியாளரோ பொருத்துவது பல இடங்களில் வழக்கம். இவர்கள் எவரும் இல்லாத நேரத்தில் நோயாளி காத்திருக்க நேரிடுகிறது.

தாமதத்தின் விளைவுகள்

* சுக்கிலச் சுரப்பி வீக்கத்தால் திடீரெனச் சிறுநீர் அடைபட்டவருக்குக் காத்திருப்பு கடும் வலி தரும். ஆணின் சிறுநீர்வழி ஏறத்தாழ 20 செ.மீ. நீளமுடையது (பெண்ணுக்கு ஏறத்தாழ 4 செ.மீ.). எனவே வடிகுழாய் பொருத்தத் தனிப் பயிற்சி தேவை.
* படுக்கைப்புண் பெரும்பாலும் இடுப்பின் பின்புறத்தில் தோன்றும். ஆடையை விலக்கிப் பார்க்காவிடில் தொடக்கநிலைச் சிவப்பு கண்ணில் படாது.
* உதவி கேட்க வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் நோயாளிக்கு நீரிழப்பும் மலச்சிக்கலும் ஏற்படலாம்.

செவிலியர் தரப்பு

இளம் செவிலியருக்கு முதல் அனுபவம் அச்சமூட்டக்கூடியது. தொடுதலால் நோயாளிக்கு உண்டாகும் விறைப்பு பெரும்பாலும் தன்னிச்சையான உடல் எதிர்வினையே. அது தவறான நடத்தை அன்று. மாறாக, வேண்டுமென்றே செய்யும் ஆபாசப் பேச்சும் தீண்டலும் குற்றமாகும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவமனைகளையும் பணியிடமாகக் கொள்கிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியக் கற்பிப்பது பயிற்சியின் இன்றியமையாத பகுதியாகும்.

சீன மரபிலும் இதே இழுபறி உண்டு. ஆணும் பெண்ணும் பொருள் கொடுத்து வாங்குகையில் கை தொடலாகாது என்னும் மரபைக் குறிப்பிடும் மென்சியசு, நீரில் மூழ்கும் அண்ணியைக் கைகொடுத்துக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்கிறார்.

கூச்சத்தைக் கையாளுதல்

ஆத்திரேலிய ஆய்வாளர் யோசலின் லாலர் 1991 இல் வெளியிட்ட நூலில், சீருடை, திரை, இயல்பான பேச்சு ஆகியவற்றின் துணையுடன் செவிலியர் இச்சூழலைக் கையாள்வதை விளக்கினார். பொதுவாகப் பின்பற்றப்படும் முறைகள்:

# செய்யப்போவதை முன்கூட்டியே விளக்கி இசைவு பெறுதல்.
# திரையிட்டு, தேவையான பகுதியை மட்டும் திறத்தல்.
# இயன்றவரை நோயாளியே தம்மைத் தூய்மை செய்துகொள்ள விடுதல்.
# அவர் விரும்பினால், இயலுமிடத்து ஆண் செவிலியரை அழைத்தல்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018 இல் வெளியிட்ட நோயாளர் உரிமைச் சாசனம், ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கையில் மற்றொரு பெண் உடனிருக்கும் உரிமையைக் கூறுகிறது. மாண்பும் அந்தரங்கமும் அதன்படி எல்லா நோயாளிகளுக்கும் உரியவை.

2021 ஆகத்து 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நோய்த்தணிப்புச் செவிலியர் படுக்கையிலிருப்போரின் வீடுகளுக்கே செல்கின்றனர். வார்டில் உள்ள திரை வீட்டில் இருப்பதில்லை, குடும்பத்தினர் சூழ்ந்திருப்பர். ஆகவே மேற்கண்ட முறைகள் அங்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* செவிலியர்
* படுக்கைப்புண்
* நோய்த்தணிப்புப் பராமரிப்பு