கடல் கொண்ட வண்டியும் நமது மறதியும்

மறதி ஒரு வரம் என்பர் பெரியோர். பட்ட துயரத்தை மறவாதிருப்பின் மனிதன் மறுநாள் எழுந்து உழைக்க இயலாது. ஆயினும் இயற்கையின் சீற்றத்தைப் பொறுத்தமட்டில் அவ்வரமே சாபமாக மாறிவிடுவதும் உண்டு.

எழும்பூரில் போட் மெயில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் சென்ற காலம் ஒன்று இருந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், பாம்பனிலிருந்து அவ்வூருக்குப் புறப்பட்ட பயணிகள் வண்டியை, நிலையத்தை எட்டுமுன்னரே புயலலை வாரிக்கொண்டது. பயணச்சீட்டுக் கணக்கின்படி பயணிகள் 110 பேர்; ரயில்வே ஊழியர் ஐவர். ஒருவரும் மீளவில்லை. சீட்டின்றி ஏறியவர் எத்தனை பேரோ? ரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மை இன்றும் உறுத்தும் வினா இதுவே. ஏட்டில் ஏறாதவர் ஊரார் நினைவிலும் ஏறாமற் போயினர்.

பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடியோ வாழத் தகாத ஊரென அறிவிக்கப்பட்டது. இன்று அங்குச் செல்வோர் இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படமெடுத்துத் திரும்புகின்றனர். பேரிடர் வேடிக்கையாகிவிட்டது, இதுவும் மறதியின் ஒரு வகையே.

ஆனால் நினைவு வேறு விதமாகவும் வாழக்கூடும். 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அம்மாநிலத்தார் அழுததோடு நிற்கவில்லை. கடலோரமெங்கும் புயல் காப்பகங்கள் எழுப்பினர். எச்சரிக்கை வந்ததும் ஊரையே அகற்றப் பழகினர். 2013-இல் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். ஆயிரக்கணக்கில் போயிருக்கக்கூடிய உயிர்ச்சேதம் சில பத்துகளோடு நின்றது. கண்ணீர் உலர்ந்துவிடும்; விதியாகவும் வழக்கமாகவும் மாறிய நினைவே உலராது நிற்கும்.

பழைய பாம்பன் பாலத்திலும் அத்தகைய விதி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை மிஞ்சினால் சிக்னல் சிவப்பாகும், வண்டி நின்றுவிடும்.

அன்பர்களே, அப்புயலைக் கண்ட முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உளர். விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் அவர்களிடம் கேட்டறிந்து, பிற மாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளுக்கு உரைப்போம். வழியில் காற்றுக்கு அஞ்சி வண்டி நிறுத்தப்படின், கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்க வேண்டாம். முன்னொரு நாள் நிற்காது சென்ற வண்டியை நினைத்துக்கொள்வோம்.