மானுக்காக உழும் குட்டிக் கலப்பை



காட்டோர ஊர்களில் மான் வயலில் இறங்கினால் தகரம் தட்டி விரட்டுவார்கள். ஆனால் மான் வந்து மேயட்டும் என்பதற்காகவே நிலத்தை உழுது விதைக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் கலப்பையை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. படிக்கப் படிக்க, நம்ம அறிவியல் பாடத்தில் வரும் அழுத்தம்தான் இதில் முழுசா இருக்குன்னு எனக்குப் புரிஞ்சுது.

மானுக்கு எதற்குப் பயிர்?

அங்கே வெள்ளைவால் மான், காட்டு வான்கோழி இவற்றுக்காகக் காட்டின் நடுவே சின்னச் சின்னத் துண்டு நிலங்களில் குளோவர், ஓட்ஸ், கோதுமை போன்றவற்றை விதைப்பார்கள். குளோவர் என்பது நம்ம பயறு வகையைச் சேர்ந்த தீவனச் செடி. பெரும்பாலும் 25 சென்ட், 50 சென்ட், ஒரு ஏக்கர் என்ற அளவுதான் நிலம்.

இது முழுக்க இரக்கத்தால் செய்வது அல்ல. அங்கே அரசு உரிமம் வாங்கி, குறிப்பிட்ட காலத்தில் மான் வேட்டை ஆடலாம். பயிர் வைப்பவர்களில் நிறைய பேர் வேட்டைக்காரர்கள். எனக்கும் இது முதலில் கோபமாத்தான் இருந்தது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே சட்டம் வேறு. அதே சமயம், வேட்டைக் காலம் முடிந்த பிறகும் அந்தப் பயிரை மான்கள் மேய்கின்றன.

இழுப்பது எந்த வண்டி?

காட்டுக்குள் ஒத்தையடிப் பாதையில் டிராக்டர் போகாது. அதனால் ஏ.டி.வி. என்ற நான்கு சக்கர வண்டியை ஓட்டிப் போவார்கள். பைக் மாதிரி ஹேண்டில்பார், கால் ரெண்டு பக்கமும் போட்டு உட்காரும் சீட், பலூன் போல உப்பிய டயர். எடை சுமார் 300 கிலோ. இதன் பின்னால் சின்ன டிஸ்க் கலப்பையை மாட்டி இழுப்பார்கள். நம்ம ஊர் டிராக்டர் இழுக்கும் சட்டிக் கலப்பைக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இரும்புத் தண்டில் வரிசையாகக் கிண்ணம் போன்ற சட்டிகள் கோத்திருக்கும். முன் வரிசை மண்ணை வெளியே தள்ளும், பின் வரிசை உள்ளே தள்ளும்.

முதலில் பார்க்க வேண்டியது எடை

டிஸ்க் கலப்பையில் கொழு மாதிரி மண்ணுக்குள் குத்தி இறங்கும் முனை கிடையாது. சட்டி தன் எடையால்தான் இறங்க வேண்டும்.

எங்கள் தெருவில் டிராக்டர் ஓட்டும் மாமாவிடம், "ஏன் மாமா, சட்டி மேல கல்லைத் தூக்கி வெச்சு ஓட்டறீங்க?" என்று கேட்டேன். "மண்ணு காஞ்சு கெடக்கு கண்ணு. வெயிட் இல்லீன்னா சட்டி உள்ள எறங்காது, மேலாப்புல உருண்டுட்டே வந்துரும்" என்றார்.

அழுத்தம் = விசை ÷ பரப்பு என்று படித்தோம் அல்லவா? இங்கே மொத்த எடையை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு சட்டிக்கு எத்தனை கிலோ என்று பார்க்க வேண்டும். 16 சட்டி, 160 கிலோ என்றால் ஒரு சட்டிக்கு 10 கிலோ. அதே 16 சட்டி உள்ள டிராக்டர் கலப்பை 400 கிலோ என்றால் ஒரு சட்டிக்கு 25 கிலோ. அதனால்தான் சின்னக் கலப்பை புல் வேர் பின்னிய நிலத்தில் திணறுகிறது.

அப்படியானால் எடையை ஏற்றிக்கொண்டே போகலாமா? முடியாது. எடை கூடினால் இழுக்கும் விசையும் கூட வேண்டும். இஞ்சின் பெரிசா இருந்தாலும், டயருக்கு மண்ணில் பிடி இருக்கும் அளவுக்குத்தான் வண்டி இழுக்கும். அதுக்கு மேல் போனால் சக்கரம் சுத்தும், வண்டி நகராது. அதனால் மேலே கல், மணல் மூட்டை வைக்கத் தட்டு உள்ள கலப்பை நல்லது. காய்ந்த மண்ணுக்கு ஏற்றலாம், ஈர மண்ணுக்கு இறக்கலாம்.

அகலத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

கடையில் 4 அடிக் கலப்பையும் 5 அடிக் கலப்பையும் இருந்தால் எல்லோரும் 5 அடியைத்தான் கேட்பார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 சென்ட் என்பது 21,780 சதுர அடி. 4 அடி அகலத்தில் ஒரு சால் உழவுக்கு 5,445 அடி தூரம் ஓட்ட வேண்டும். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரத்தைச் சேர்க்காமல், சுமார் 17 நிமிடம். 5 அடியில் 13 நிமிடம். நாலு தடவை உழுதாலும் கால் மணி நேரம்கூட மிச்சம் இல்லை!

ஆனால் எடை அதே 160 கிலோவாக இருந்து, அகலத்துக்காகச் சட்டி 20 ஆனால், ஒரு சட்டிக்கு 8 கிலோதான். நேரம் கொஞ்சம் மிச்சம், உழவு மேலோட்டம். காசு தண்டம்.

மற்ற கவனங்கள்

1. சட்டியின் விளிம்பு: பல் வெட்டிய சட்டி புல், வேர், தட்டையை நன்றாக அறுக்கும். வழவழப்பான சட்டி மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும். முன்னால் பல் சட்டி, பின்னால் வழவழப்புச் சட்டி உள்ளதும் உண்டு.

2. கோணம்: சட்டி நேராக இருந்தால் சக்கரம் போல உருளும். சாய்த்து வைத்தால்தான் மண்ணைப் புரட்டும். கோணத்தை மாற்ற வசதி இருக்க வேண்டும்.

3. பேரிங்: மண்ணும் தூசியும் போய் முதலில் கெடுவது இதுதான். கிரீஸ் அடிக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

4. சக்கரம்: கலப்பையைத் தூக்கி நிறுத்தச் சக்கரம் இல்லையென்றால், போகிற பாதை எல்லாம் உழுதுகொண்டே போகும்!

குளோவர் விதை கடுகை விடச் சின்னது. கால் அங்குலத்துக்கு மேல் ஆழம் போனால் முளைப்பது கஷ்டம். அதனால் உழுததும் உருளையால் மண்ணை அழுத்திவிட்டு விதைப்பார்கள்.

உயிர் முக்கியம்

இந்த வண்டி கவிழக்கூடியது. முன்பு மூன்று சக்கரத்தில் வந்தது. விபத்துகள் அதிகமானதால், 1988-இல் அமெரிக்க அரசுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. நான்கு சக்கரமும் சரிவில் கவிழும். கலப்பையைத் தாழ்வாக உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். சாமான் வைக்கும் கேரியரில் கட்டி இழுத்தால் முன் சக்கரம் தூக்கி, வண்டி பின்பக்கம் ஓட்டுபவர் மேலேயே விழும். வண்டியின் கையேட்டில் எழுதியுள்ள இழுவை எடையைத் தாண்டக் கூடாது. இறக்கத்தில் பாரம் பின்னாலிருந்து தள்ளும், பிரேக் கேட்காது. தலைக்கவசம் கட்டாயம்.

ஆக, கலப்பை வாங்கும்போது கேட்க வேண்டியது "எவ்வளவு பெருசு?" என்று அல்ல. "ஒரு சட்டிக்கு எத்தனை கிலோ? அதை என் வண்டி இழுக்குமா, இழுத்த பின் நிறுத்துமா?" என்றுதான். நம்ம ஊரில் கல் ஏற்றும் மாமாவுக்கும் இதே கணக்குதான்.

உங்களுக்கு ஒரு கணக்கு!

ஒரு கலப்பையில் 18 சட்டி, எடை 144 கிலோ. இன்னொன்றில் 14 சட்டி, எடை 140 கிலோ. சட்டிகள் எல்லாம் ஒரே அளவு. எது ஆழமாக உழும்? விடை தெரிந்தவர்கள் காரணத்துடன் கீழே உள்ள காலி இடத்தில் பென்சிலால் எழுதுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி